அம்மாயியின் ஈயப் போசியும் ஞாபக மறதியும்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு சித்திரை மாத மத்தியானம். ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் அம்மாயி வீட்டு வாசலில் பழைய சாமான் வாங்குகிறவரின் மொபெட் வந்து நின்றது. 'பழைய இரும்பு, ஈயம், பித்தளை' என்று ஸ்பீக்கரில் குரல் ஓடிக்கொண்டிருந்தது. மாமா உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். சோறு வடிக்கும் பெரிய போசி, பால் காய்ச்சும் குண்டா, பருப்புச் சட்டி, ஒரு பக்கம் நசுங்கிய இட்லிப் பானை. எல்லாம் அலுமினியம். எங்கள் பக்கத்துப் பேச்சில் ஈயம்.

மாமா அப்படிச் செய்ததற்குக் காரணம் இருந்தது. 74 வயது அம்மாயி குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட ஆரம்பித்திருந்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஆட்டுக்குத் தழை போடப் போய்விடுவார். 'நீ எப்ப சாமி வந்த?' என்று கேட்டுவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்பார். அந்தச் சமயம் பார்த்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் அல்சைமர் வரும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். பார்த்த அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார்கள். போசி எடைக்குப் போனது. பதிலுக்கு ஒரு செம்புத் தண்ணீர்ப் பானை வந்தது.

அடுத்த ஒன்றரை வருடம் நாங்கள் யாரும் அம்மாயியை டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. காரணத்தைத்தான் எடைக்குப் போட்டுவிட்டோமே!

அந்த ஒன்றரை வருடம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. அலுமினியம், செம்பு, துத்தநாகம், இரும்பு என்று உலோகங்களுக்கும் அல்சைமருக்கும் சம்பந்தம் உண்டா என்று பிறகு தேடித் தேடிப் படித்தேன். உண்டு. ஆனால், வாட்ஸ்அப் சொல்கிற சம்பந்தம் இல்லை.

போசி மீது பழி வந்த கதை

முதலில், இந்தப் போசி நம் வீட்டுக்கு வந்த கதை. அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழி 1886ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த 12 வருடத்தில், 1898ல், சென்னை கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். செம்பும் பித்தளையும் வாங்க முடியாத வீடுகளுக்கு அது வரப்பிரசாதம். கனமில்லை, ஈயம் பூச வேண்டியதில்லை, சீக்கிரம் சூடேறும்.

சேலம், நாமக்கல்காரர்களுக்கு அலுமினியம் வெளியூர்ச் சரக்கும் இல்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டினார்கள். மேட்டூர் அணை ஓரத்தில் இருந்த மால்கோ ஆலையில் 1965 முதல் அதிலிருந்து அலுமினியம் எடுத்தார்கள். 2008ல் அந்த உலை நின்றுபோனது. நம் மலையே அலுமினிய மலைதான். அவ்வளவு ஏன், பூமியின் மேலோட்டில் சுமார் 8 சதவிகிதம் அலுமினியம். களிமண் என்பதே அலுமினியமும் சிலிக்காவும் பின்னிக் கிடக்கிற சரக்கு. அலுமினியத்துக்குப் பயந்து மண்சட்டிக்கு மாறியவர்கள் இதைக் கேட்டுப் பதற வேண்டாம். மண்ணில் அது இறுகிப் பூட்டப்பட்டிருக்கிறது. தேயிலைச் செடிகூட மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும்.

பழி வந்தது 1965ல். அதே வருடம் என்பது தற்செயல்தான். அமெரிக்க ஆய்வாளர்கள் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பை ஊசி மூலம் செலுத்தினார்கள். நரம்பு செல்களுக்குள் நார் நாராகச் சிக்கல் விழுந்தது. அல்சைமர் நோயாளிகளின் மூளையிலும் அப்படிப்பட்ட சிக்கல்கள் உண்டு என்பதால் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது இரண்டு சிக்கல்களும் வேறு வேறு அமைப்பு என்று தெரிந்தது. ஆனால், சந்தேகம் ஒரு தடவை கிளம்பினால் லேசில் அடங்குமா? 1973ல் கனடாவின் டொரன்டோவில், அல்சைமர் நோயில் இறந்தவர்களின் மூளையில் அலுமினியம் கூடுதலாக இருப்பதாக ஓர் ஆய்வு வந்தது. அதற்குப் பிறகு பல ஆய்வகங்கள் அளந்து பார்த்தன. சிலருக்குக் கூடுதலாகத் தெரிந்தது, சிலருக்குத் தெரியவில்லை. சோதனைச்சாலைத் தூசியிலும் கண்ணாடிக் குப்பியிலும்கூட அலுமினியம் இருப்பதால், அளப்பதே பெரும்பாடு.

அலுமினியம் மூளையைக் கெடுக்கவே கெடுக்காது என்று சொல்ல வரவில்லை. கெடுத்த கதை நிஜமாகவே உண்டு. 1970களில், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொண்டவர்களில் சிலருக்குப் பேச்சு குழறியது, கை கால் வெட்டி இழுத்தது, அறிவு மங்கியது, பலர் இறந்தார்கள். டென்வர் நகர மருத்துவர்கள் 1976ல் அதற்கான காரணத்தைச் சொன்னார்கள். டயாலிசிஸ் தண்ணீரில் இருந்த அலுமினியமும், நோயாளிகள் விழுங்கிய அலுமினிய ஹைட்ராக்சைடு மாத்திரையும்தான் காரணம். தண்ணீரைச் சுத்திகரிக்கத் தொடங்கியதும் அந்த நோய் கிட்டத்தட்ட மறைந்தது. இன்று டயாலிசிஸ் மையங்களில் ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், அது அல்சைமர் இல்லை. மூளையில் அது விட்டுச்சென்ற தடயமே வேறு.

இன்னொரு சம்பவம். 1988 ஜூலை 6. இங்கிலாந்தில் கேமல்ஃபோர்டு என்ற ஊருக்குத் தண்ணீர் தரும் நிலையத்தில், லாரி ஓட்டி வந்தவர் 20 டன் அலுமினிய சல்பேட்டைத் தப்பான தொட்டியில் கொட்டிவிட்டார். கலங்கல் தெளிய நாம் போடுகிற படிகாரத்தின் சொந்தக்காரச் சரக்குதான் அது. சுமார் 20,000 பேர் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். அங்கே வசித்து 2004ல் இறந்த ஒரு பெண்மணியின் மூளையில் அலுமினியம் மிக அதிகமாக இருந்தது. அவரது மரணத்தில் அதற்குப் பங்கு இருக்க வாய்ப்பு உண்டு என்று 2012ல் மரண விசாரணை அதிகாரி சொன்னார். இது அசாதாரணமான விபத்து. தினப்படி சோறு வடிப்பதோடு இதை ஒப்பிட முடியாது.

நாம் விழுங்கும் அலுமினியத்தில் ஒரு சதவிகிதம்கூட ரத்தத்தில் சேர்வதில்லை. சேர்ந்ததையும் நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். வாரத்துக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 2 மில்லிகிராம் வரை தாங்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் உணவு நிபுணர் குழு 2011ல் சொன்ன அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு வாரம் 120 மில்லிகிராம். அலுமினியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தை வருடக்கணக்கில் விழுங்கியவர்களுக்கு உள்ளே போனது பாத்திரத்தில் கரைவதைவிடப் பல மடங்கு. அவர்களுக்கு அல்சைமர் கூடுதலாக வந்ததாக நிரூபணம் இல்லை. பிரான்ஸில் ஒரு நீண்ட ஆய்வு, குடிநீரில் அலுமினியம் அதிகமுள்ள பகுதிகளில் மறதிநோய் சற்றுக் கூடுதல் என்றது. மற்ற ஆய்வுகள் எல்லாம் அதை ஆமோதிக்கவில்லை. இன்றைய நிலையில் போசியைக் குற்றவாளி என்று சொல்ல ஆதாரம் போதாது.

அதற்காகப் புளிக்குழம்பையும் ரசத்தையும் தயிரையும் அலுமினியப் பாத்திரத்தில் ராத்திரி முழுக்க வைக்காதீர்கள். புளிப்பு உலோகத்தை அரிக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் தேவை.

நிஜமாகப் பயப்பட வேண்டிய ஈயம்

'ஈயம்' என்ற ஒரே சொல்லை நாம் மூன்று உலோகத்துக்குப் பயன்படுத்துகிறோம். ரசச் சொம்பு வெள்ளீயம். மாமா எடைக்குப் போட்டது அலுமினியம். பேட்டரிக்குள் இருப்பது காரீயம். முதல் இரண்டும் பெரிய வில்லன்கள் இல்லை. மூன்றாவது, நிஜமான நரம்பு விஷம். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் கெடுக்கும், பெரியவர்களுக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும். இதுதான் பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது.

அது நம் சமையலறைக்குள் இரண்டு வழியாக வரலாம். ஒன்று பாத்திரம். பழைய உலோகக் கழிவை உருக்கி வார்க்கும்போது காரீயமும் கலந்துவிடலாம். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, இண்டாலியம் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் கசிவதாக எச்சரித்தது. எல்லா இண்டாலியமும் அப்படி என்று அர்த்தம் இல்லை. ஆனால், பேரும் முத்திரையும் இல்லாமல் எடைக்கு விற்கிற வார்ப்புப் பாத்திரத்தை மலிவு என்று வாங்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இன்னொரு வழி மஞ்சள். கிழங்கு பளிச்சென்று தெரிய லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தை ஏற்றுகிற பழக்கம் தெற்காசியாவில் சில இடங்களில் இருக்கிறது. 2024ல் வெளியான ஓர் ஆய்வு பாட்னா, குவாஹாட்டி போன்ற நகரங்களில் அதிக அளவு காரீயத்தைக் கண்டது. நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்குக் கிழங்கின் சொந்த நிறம் தெரியும். கண்ணைப் பறிக்கிற அளவு மினுக்கினால் பாட்டிமார் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மூளைக்குள் இரும்புக்கடை

அப்படியானால் அல்சைமரில் உலோகத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. ஆனால், அது வெளியிலிருந்து வந்த உலோகம் இல்லை, நம் உடம்பில் பிறந்ததிலிருந்து குடியிருக்கிற உலோகம்.

1901ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனைக்கு ஆகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்மணியை அழைத்துவந்தார்கள். அவரைக் கவனித்த டாக்டர் அலோய்ஸ் அல்சைமர், அவர் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்து 1906ல் உலகுக்குச் சொன்னார். செல்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே சிக்கல்கள். வெளியே படிவது பீட்டா அமிலாய்டு என்ற புரதத் துணுக்கு. ஊறுகாய் ஜாடியின் அடியில் உப்புப் படிகிற மாதிரி மூளையில் அங்கங்கே படிந்து இறுகிவிடுகிறது.

அந்தப் படிவைச் சோதித்தபோது உள்ளே செம்பு, துத்தநாகம், இரும்பு மூன்றும் குவிந்து கிடந்தன. 1994ல் ஆஷ்லி புஷ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானியும் அவரது குழுவினரும், சோதனைக் குழாயில் துத்தநாகம் சேர்த்தால் அமிலாய்டு சட்டென்று திரண்டுவிடுவதைக் காட்டினார்கள். பாலில் உறை விட்ட மாதிரி. உலோகத்தை எடுத்துவிட்டால் நோய் நிற்குமே என்ற ஆசை அங்கே பிறந்தது.

சிக்கல் என்னவென்றால், இந்த மூன்றும் இல்லாமல் மூளை ஒரு நிமிடம்கூட ஓடாது. இரும்பு இல்லாமல் செல்லுக்குச் சக்தி இல்லை. செம்பு நரம்பின் ரசாயனத் தூதுகள் சிலவற்றை உருவாக்க உதவுகிறது. ஒரு நரம்பு இன்னொன்றுக்குச் சேதி அனுப்பும்போது பல இடங்களில் துத்தநாகத்தையும் தெளிக்கிறது. ஞாபகம் பதிவாவதற்கே அது துணை. அல்சைமரில் நடப்பது உலோகம் அதிகமாவது மட்டும் இல்லை, இடம் மாறுவது. படிவில் குவிந்து கிடக்கும், பக்கத்து செல் பஞ்சத்தில் காயும். வாய்க்காலில் தண்ணீர் உடைந்து ரோட்டில் ஓடுகிறது, வயல் காய்கிறது. தண்ணீர் ஜாஸ்தி என்று மதகை மூடினால் என்ன ஆகும்?

கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. 1991ல் கனடாவில் அலுமினியத்தைப் பிடித்து வெளியேற்றும் ஊசி மருந்து கொடுத்தபோது நோயின் வேகம் சற்றுக் குறைந்ததாகச் சொன்னார்கள். அந்த மருந்து இரும்பையும் சேர்த்தே பிடிக்கும் என்பதால் எது உதவியது என்று தெரியவில்லை. செம்பையும் துத்தநாகத்தையும் குறிவைத்த மருந்துகள் பெரிய பலன் தரவில்லை. கடைசியாக டெஃபெரிப்ரோன் என்ற மருந்து வந்தது. ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா குழந்தைகளின் உடம்பிலிருந்து கூடுதல் இரும்பை எடுக்கத் தருவார்களே, அதேதான். ஆரம்பநிலை அல்சைமர் நோயாளிகளுக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்த முடிவு 2024ல் வந்தது. மூளையின் ஞாபகப் பகுதியில் இரும்பு குறைந்தது. ஆனால், மருந்து சாப்பிட்டவர்களின் ஞாபகத் திறன், சாப்பிடாதவர்களைவிட வேகமாகச் சரிந்தது.

இதைப் படித்த அன்று நான் போனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 'உடம்பில் இருக்கும் உலோகக் கழிவை ட்ரிப் ஏற்றி வெளியேற்றுகிறோம்' என்ற விளம்பரத்தை எங்கள் குரூப்பிலேயே யாரோ பகிர்ந்திருந்தார்கள். மாமா அதற்குப் பணம்கூட விசாரித்து வைத்திருந்தார். ரத்தத்தில் காரீயம் ஏறியவருக்கு டாக்டர் மேற்பார்வையில் கொடுக்க வேண்டிய சிகிச்சையை, மறதி வந்த பாட்டிக்கு ஏற்றுவது விஷப்பரீட்சை.

2025ல் இன்னொரு திருப்பம். ஹார்வர்டு ஆய்வாளர்கள், லித்தியம் என்ற உலோகம் மூளையில் மிகச் சிறிய அளவில் இயற்கையாகவே இருக்கிறது, அல்சைமரில் அது குறைகிறது, அமிலாய்டு படிவுகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்று எழுதினார்கள். எலிகளுக்கு ஒரு வகை லித்தியம் உப்பை மிகச் சிறிய அளவில் கொடுத்தபோது ஞாபகம் மேம்பட்டது. எலிக்கு! மனிதருக்குச் சோதிக்காமல் யாரும் வாங்கி விழுங்கிவிட வேண்டாம். அளவு மீறிய லித்தியம் சிறுநீரகத்தையும் தைராய்டையும் கெடுக்கும்.

கண்ணில் தெரியும் செம்பு

கண்ணின் பின்னால் இருக்கும் விழித்திரை, மூளையின் ஒரு கிளைதான். கருவில் இருந்தபோது மூளையிலிருந்து முளைத்து வெளியே வந்தது. மண்டை ஓட்டைத் திறக்காமல் டாக்டர் நேரில் பார்க்கக்கூடிய ஒரே மூளைத் துண்டு. அதனால்தான் ஆய்வாளர்கள் கண்ணைத் துருவுகிறார்கள்.

உலோகம் மூளையையும் கண்ணையும் ஒருசேரத் தாக்குவதற்கு மறுக்க முடியாத உதாரணம் அல்சைமர் இல்லை, வில்சன் நோய். உடம்பில் சேரும் செம்பைக் கல்லீரல் வெளியேற்ற முடியாத பிறவிக் குறை. செம்பு கல்லீரலில் நிரம்பி, வழிந்து, மூளைக்கும் கருவிழியின் ஓரத்துக்கும் போகும். கருவிழியைச் சுற்றிப் பொன்னும் பச்சையும் கலந்த பழுப்பு வளையம் தெரியும். கண் டாக்டரின் ஸ்லிட் லேம்ப்பில் அதைப் பிடித்துவிடலாம். (வயதானவர்கள் கண்ணில் தெரியும் வெளிறிய சாம்பல் வளையம் வேறு. அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.)

இந்த நோய் சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. அபூர்வம்தான். ஆனால், அப்பா, அம்மா இருவரிடமும் அந்தக் குறையுள்ள மரபணு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற நம் ஊரில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நன்றாகப் படித்த பையனின் கையெழுத்து திடீரென்று கோணலாகும், கை நடுங்கும், பேச்சு குழறும், கோபம் வரும். 'காத்து கருப்பு' என்று மந்திரிக்க அழைத்துப் போகிற வீடுகள் இன்னும் உண்டு. செம்பை வெளியேற்றும் மாத்திரையும், செம்பு குடலில் ஏறாமல் தடுக்கும் துத்தநாக மாத்திரையும் இருக்கின்றன. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அவர்கள் மட்டும் செம்புப் பாத்திரத் தண்ணீரைத் தொடவே கூடாது.

மற்றவர்கள்? எங்கள் வீட்டுச் செம்புப் பானையையே எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு வரை பரவாயில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுத்தமாகத் தேய்த்த பானையில் ராத்திரி வைத்த வெறும் தண்ணீர் ஆளைக் கொல்லாது. ஆனால், ஞாபகசக்தியைக் கூட்டும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. 2013ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குத் தண்ணீரில் சிறிதளவு செம்பு கொடுத்தபோது, மூளை அமிலாய்டை வெளியேற்றுவது மந்தமானது. எலிக்கு நடந்ததை வைத்து மனிதரை மிரட்டக் கூடாது. மருந்து என்று நினைத்து அம்மாயிக்கு மூன்று வேளையும் அதையே கொடுத்தோம் என்பதை நினைத்தால்தான் சங்கடமாக இருக்கிறது. எலுமிச்சை, மோர் மாதிரி புளிப்பானதைச் செம்பில் ஊற்றவே கூடாது என்பது அம்மாயிக்கே தெரியும். நோய் வருவதற்கு முன்பு அவர்தான் எனக்குச் சொன்னார்.

துத்தநாகத்துக்கும் கண்ணுக்கும் நெருக்கம் அதிகம். உடம்பில் துத்தநாகம் செறிந்திருக்கும் இடங்களில் விழித்திரையும் ஒன்று. வயதானால் விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய்க்கு, 80 மில்லிகிராம் துத்தநாகமும் சில வைட்டமின்களும் சேர்ந்த மாத்திரை உதவுகிறது என்று 2001ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நடுத்தர நிலையைத் தாண்டியவர்களுக்கு நோய் முற்றும் அபாயம் சுமார் 25 சதவிகிதம் குறைந்தது. அந்த மாத்திரையில் 2 மில்லிகிராம் செம்பும் இருந்தது. துத்தநாகம் ஏறினால் செம்பு இறங்கிவிடும் என்பதால் முன்கூட்டியே ஈடுகட்டினார்கள். அதே ஆய்வில் இருந்தவர்களின் ஞாபகத் திறனையும் சோதித்தார்கள். அதில் எந்த மாற்றமும் இல்லை. கண் டாக்டர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள், ஞாபகத்துக்கு என்று நீங்களாக வாங்காதீர்கள். நாமக்கல் முட்டை ஒன்றில் அரை மில்லிகிராமுக்குச் சற்று மேலே துத்தநாகம் இருக்கிறது. கறியிலும் பருப்பிலும் இன்னும் உண்டு.

எங்கள் ஊர் மஞ்சள் இந்தக் கதையில் மறுபடி வருகிறது. மஞ்சளில் இருக்கும் குர்குமின், அமிலாய்டில் ஒட்டிக்கொண்டு ஒளிரும் குணம் உள்ளது. லாஸ் ஏஞ்சலஸில் ஆய்வாளர்கள் நோயாளிகளுக்குச் சிறப்பாகத் தயாரித்த குர்குமினைச் சாப்பிடக் கொடுத்து, விழித்திரையைப் படம் எடுத்து, ஒளிரும் புள்ளிகளைக் கண்டார்கள். அந்த முடிவு 2017ல் வெளியானது. இது இன்னும் ஆய்வுக்கூட விஷயம். நம் ஊர் கண் மருத்துவமனையில் இதைக் கேட்காதீர்கள். மஞ்சள் பால் குடித்தால் அல்சைமர் கரையும் என்றும் இதற்கு அர்த்தம் இல்லை. நாம் சாப்பிடும் மஞ்சளில் இருந்து ரத்தத்தில் சேரும் குர்குமின் மிகக் குறைவு.

கண் முகாமில் தெரிந்தது

அம்மாயியின் விஷயம் கடைசியில் கண் வழியாகத்தான் வெளியே வந்தது. ஆறு மாதத்துக்கு முன்பு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவச கண் முகாம் போட்டார்கள். புரை முற்றியிருக்கிறது என்று அத்தை அழைத்துப் போனார். சோதித்த பெண் அத்தையைத் தனியே கூப்பிட்டாராம். 'பாட்டிக்குக் கண்ணு மட்டும் பிரச்னை இல்லைங்க அக்கா. நான் சொன்னதை ரெண்டு நிமிஷத்துல மறந்துடறாங்க. நாளாச்சுங்களா?'

ஒன்றரை வருடமாச்சு என்று அத்தையால் சொல்ல முடியவில்லை. அழுதுவிட்டார்.

பிறகுதான் எல்லாம் நடந்தது. ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை பார்த்தார்கள். பி12 குறைவாலும் தைராய்டு குறைவாலும் மறதி வரும், அதைச் சரிசெய்ய முடியும் என்பதால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். ஊசியிலும் மாத்திரையிலும் தீரக்கூடிய மறதியைக்கூட 'வயசாயிடுச்சு' என்று நாம் விட்டுவிடுகிறோம். அம்மாயிக்கு பி12 குறைவாகத்தான் இருந்தது. ஊசி போட்டதும் சோர்வு போனது, மறதி போகவில்லை. ஸ்கேனும் ஞாபகத் தேர்வும் பார்த்துவிட்டு, அல்சைமராக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார் நரம்பியல் டாக்டர். ரத்தக்கொதிப்பும் இருந்தது. அதற்கு மருந்தே சாப்பிடாமல் இருந்திருக்கிறார். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எங்கள் தெருவுக்கும் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

மறதிநோய் வருவதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடிய 14 காரணங்களை 2024ல் 'லான்செட்' மருத்துவக் குழு பட்டியலிட்டது. கவனிக்காத பார்வைக் குறைவு அதில் புதிதாகச் சேர்ந்தது. காது கேளாமை, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, தலைக்காயம், தனிமை எல்லாம் இருக்கின்றன. இவற்றையெல்லாம் சரிசெய்தால் உலக மறதிநோயில் சுமார் 45 சதவிகிதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. 14 பேரில் அலுமினியம் இல்லை. அமெரிக்காவில் 3,000 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதிநோய் சுமார் 30 சதவிகிதம் குறைவாக வந்தது. அறுவைதான் நேரடிக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், கண் தெரிந்தால் ஆள் நாலு பேரிடம் பேசுவார், நடப்பார், டிவி பார்ப்பார், விழாமல் இருப்பார்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் எத்தனை வீட்டில் முதலில் மாற்றியது பாத்திரத்தை? உங்கள் வீட்டில் அம்மாவோ மாமியாரோ ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், பழகிய வழியில் தடுமாறினால், காசு எண்ணத் திணறினால், கண்ணையும் காதையும் சோதியுங்கள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், நரம்பியல் அல்லது மனநல டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி சேலத்தில் இருக்கிறது, 2022லிருந்து நாமக்கல்லிலும் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567. பார்த்துக்கொள்கிறவருக்கு மனசு தாங்கவில்லை என்றால் டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம்.

அம்மாயிக்குப் போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இப்போது உப்பு ஜாடியையும் சர்க்கரை ஜாடியையும் பார்த்தே எடுக்கிறார். அத்தை பக்கத்தில் நின்றுகொள்கிறார். ஒரு தடவை போட்டாயிற்று என்று அவர்தான் ஞாபகப்படுத்த வேண்டும். என் பெயர் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை.

ஆனால், சமையலறைக்குள் நுழைந்ததும் மேல் அலமாரியை ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார். எவர்சில்வர் வரிசையைக் கண்ணால் தடவிவிட்டு, என் பக்கம் திரும்பிக் கேட்பார்.

'எம்பட சோத்துப் போசி எங்க சாமி?'